அம்மா கேட்ட மணைக்கட்டை

 

ஆடி மாசம் நெருங்கிடுச்சு. வழக்கமா இந்த நேரத்தில் நான் போடுற பதிவு, காய்கறி வெட்ட ஆள் வேணும், பால்குடத்துக்குப் பேர் கொடுங்க, பந்தல் போட இளைஞர்கள் வாங்க என்றுதான் இருக்கும். அதெல்லாம் அடுத்த வாரம் வரும். இன்றைக்கு என் வீட்டு விஷயம் ஒன்றை எழுதுகிறேன். எழுத எனக்கே வெட்கமாகத்தான் இருக்கு. ஆனாலும் நம்ம கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய வீட்டில் இருப்பவர்கள், இல்லாவிட்டால் வயசான அம்மா அப்பாவைப் பழைய வீட்டில் வைத்திருப்பவர்கள். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாசம் நம்ம கோயில் கணபதி ஹோமத்தில் தம்பதிகள் உட்கார மணைக்கட்டை போதவில்லை. கிள்ளானில் அம்மா வீட்டில் ரெண்டு மணை இருக்கு, என் கல்யாணத்துக்கு வாங்கினது. எடுத்து வரலாம் என்று வேலை முடிந்து போனேன். சாமி அறையில் ஒன்றுதான் இருந்தது.

"இன்னொன்னு எங்கம்மா?" என்று கேட்டேன்.

"இதை மட்டும் எடுத்துக்கப்பா. அது மெஷின்கிட்ட வேணும்" என்றார்.

பின்னாடி குசினிக்குப் போய்ப் பார்த்தேன். வாஷிங் மெஷினுக்கு முன்னால், ஈரத் தரையில் அந்த மணை கிடக்குது. நான் தாலி கட்டும்போது உட்கார்ந்த மணை. தண்ணியில் ஊறி ஒரு பக்கம் கறுத்துப்போய் இருந்தது.

"என்னம்மா இது?"

"வெறும் காலோட நின்னா மெஷின் கடிக்குதுப்பா. கட்டை மேல நின்னா ஒன்னும் செய்யல."

அம்மாவுக்கு 78 வயசு. எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். பதிலை உடனே சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ புது மெஷின் வாங்கிப் போடறதுக்கு முன்னாடியே கடிக்கும். நீ பாவம் காசு செலவு பண்ணி புதுசு வாங்கிட்டே. அதுவும் கடிக்குதுன்னு எப்படிச் சொல்றது?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா ஒரு தடவை சொன்னார், மெஷினைத் தொட்டால் கை குறுகுறுங்குது என்று. பழைய மெஷின்தானே என்று நான் புதுசு வாங்கிப் போட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி கேட்கவே இல்லை. அவரும் சொல்லவே இல்லை. மணை மேல் நின்று துணி துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

நான் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் என் லைனில் இருக்கிற எல்லா மெஷினிலும் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்திப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் வேலை தொடங்க விடமாட்டேன். கோயில் திருவிழாவுக்கு முன்னால் ஜெனரேட்டர், பந்தல் லைட், எல்லா வயரையும் வயர்மேனோடு நின்று பார்ப்பேன். இதெல்லாம் செய்கிற ஆளுக்கு அம்மா வீட்டுக் குசினியில் என்ன நடக்குது என்று தெரியவில்லை.

சரி, உடனே முன் கதவுக்கு மேலே இருக்கிற பெட்டிக்குப் போனேன். நாம எல்லாரும் இ.எல்.சி.பி. என்று சொல்கிறோமே, இப்போது ஆர்.சி.சி.பி. என்று பெயர், அதில் 'டி' என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. வீடு முழுக்க இருட்டு. மறுபடி ஏற்றினேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது. எனக்கு மனசு ஆறிவிட்டது. "சேஃப்டி நல்லாத்தான் இருக்கும்மா, சும்மா லேசாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன்.

ஆனாலும் புது மெஷின் எப்படிக் கடிக்கும் என்ற கேள்வி மட்டும் மண்டையில் இருந்தது. நம்ம கோயிலுக்கு வயரிங் பார்க்கிற தம்பிக்குப் போன் போட்டேன். சுருஹான்ஜாயா தெனாகாவின் சான்றிதழ் வைத்திருக்கிற வயர்மேன். நான் சொன்னதைக் கேட்டவுடன் அவன் சொன்ன முதல் வார்த்தை: "அண்ணே, அம்மாவை மெஷினைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க. பிளக்கைப் புடுங்கிடுங்க. நான் வர்றேன்."

மறுநாள் காலையில் வந்தான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

நம்ம வீட்டுக்கு டி.என்.பி. கொடுக்கிற கரண்ட் ரெண்டு வயரில் வருது, லைவ், நியூட்ரல். மூன்றாவதான எர்த் நம்ம வீட்டிலேயே இருக்கணும். வீட்டுக்கு வெளியே மண்ணில் ஒரு செம்புக் கம்பி இறக்கி, அதிலிருந்து பச்சை வயர் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் போகும். ஐஸ்பெட்டியோ மெஷினோ உள்ளே பழுதாகி அதன் இரும்பு உடம்பில் கரண்ட் ஏறினால், அது பச்சை வயர் வழியாக மண்ணுக்கு ஓடிவிடும். போன கரண்ட் திரும்பி வரவில்லை என்று இ.எல்.சி.பி. கண்டுபிடித்து விழுந்துவிடும். இதுதான் முறை.

அவன் மீட்டர் வைத்துப் பார்த்தான். எர்த் இல்லை. சுத்தமாக இல்லை.

"பொத்தான் அழுத்தினா விழுந்துச்சே தம்பி?" என்றேன்.

"அண்ணே, அந்தப் பொத்தான் இ.எல்.சி.பி. உயிரோட இருக்கான்னு மட்டும்தான் காட்டும். அது உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கரண்ட்டை வேற வழியில விட்டுப் பார்க்குது. எர்த் கம்பி வெளியே இருக்கா, அறுந்து போச்சான்னு அதுக்குத் தெரியாது."

எனக்கு இது தெரியாது. 25 வருஷத்துக்கு மேல் மெஷின் பக்கத்தில் நிற்கிற எனக்கே தெரியாது என்றால், எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு ஒவ்வொரு பிளக்காகப் புடுங்கிச் சோதித்தான். வாஷிங் மெஷினில் ஒரு குறையும் இல்லை. கரண்ட் கசிந்தது ஐஸ்பெட்டியில். அப்பா இருக்கும்போது வாங்கினது, இன்னும் ஓடுது. அதில் கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போக வழி இல்லாததால், பச்சை வயர் வழியாகவே திரும்பி வந்து மெஷின் உடம்பில் நின்றிருக்கு. ஏன் என்றால் வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானின் பச்சை வயரும் பெட்டியில் ஒன்றாகச் சேருது. ஐஸ்பெட்டி நிற்கிறது காய்ந்த தரை, அம்மா செருப்புப் போட்டிருப்பார், அங்கே தெரியவில்லை. மெஷின் பக்கம் ஈரத் தரை, வெறும் கால். அங்கே கடித்தது. நான் எத்தனை புது மெஷின் வாங்கிப் போட்டிருந்தாலும் கடித்திருக்கும்.

"இப்ப கசியறது கொஞ்சம்தான் அண்ணே. ஒருநாள் ஐஸ்பெட்டி உள்ள முழுசா ஷார்ட் ஆனா, மெஷின் உடம்புல 230 வோல்ட் நிக்கும். இந்த வீட்டு இ.எல்.சி.பி. 100 மில்லி ஆம்பியர்ல விழறது. மனுஷனைக் கொல்ல 30 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல போனாலே போதும். அம்மா தொட்டா அது விழலாம், விழாமலும் போகலாம்."

30 மில்லி ஆம்பியர் என்றால் எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று எரிய சுமார் 260 மில்லி ஆம்பியர் வேணும். அதில் ஒன்பதில் ஒரு பங்கு. சாமி அறையில் எரிகிற ஒரு பல்பின் கரண்டில் ஒன்பதில் ஒரு பங்கு நெஞ்சு வழியாகப் போனால் ஆள் போய்விடலாம்.

அடுத்து எர்த் எங்கே அறுந்தது என்று தேடினோம். வீட்டைச் சுற்றி வந்தோம், கம்பியைக் காணோம். அந்தத் தம்பி பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே போனான். அது பின் சுவர் வரைக்கும் போய், தரையில் சிமெண்டுக்குள் நுழைந்தது. அங்கே நின்றுவிட்டான்.

"இந்தக் குசினி எப்ப அண்ணே நீட்டினீங்க?"

2004-ல். நீட்டியது நான். அப்பா இறந்த மறு வருஷம், அம்மாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பின் பக்கத்தைக் குசினியாக்கினேன். வேலைக்காரர்கள் மண்ணைத் தோண்டும்போது ஒரு கம்பி குறுக்கே இருக்குது, எடுக்கலாமா என்று கேட்டார்கள். எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. கையில் தேத்தண்ணிக் குவளையோடு நின்றுகொண்டு, "பழைய கம்பி, எடுத்துப் போடுங்க" என்று சொன்னது நான்தான். அதன் மேல் சிமெண்ட் போட்டு மொசைக் கல் ஒட்டினார்கள். அந்தக் கல்லின் மேல்தான் இருபது வருஷமாக அம்மா வெறும் காலோடு நிற்கிறார். என் மகன் தவழ்ந்ததும் அந்தத் தரையில்தான்.

குத்தகைக்காரர் மேல் பழி போடலாம். போட்டு என்ன செய்ய? சொன்ன வாய் என் வாய்.

இந்த இடத்தில் வேறொரு விஷயமும் சொல்லணும். இந்த நாட்டில் மின்சாரம் வந்த கதையில் நம்ம ஆள் ஒருவர் பெயர் இருக்கு, தெரியுமா? கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலையும் பத்துமலை முருகன் கோயிலையும் எழுப்பிய தம்புசாமிப் பிள்ளை. 1894-ல் ரவாங்கில் ஈயச் சுரங்க வேலைக்கு லோக் இயூவும் அவரும் சேர்ந்து மின்சார ஜெனரேட்டர் வைத்தார்கள். மலாயாவில் மின்சாரம் புழக்கத்துக்கு வந்ததன் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பத்துமலையில் முருகனை வைத்த கையே இந்த நாட்டுக்கு மின்சாரத்தையும் கொண்டு வந்தது. தைப்பூசத்துக்குப் படியேறும்போது நினைத்துப் பாருங்கள்.

ஆனால் என்னை மாதிரித் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கரண்ட் தாமதமாகத்தான் வந்தது. எங்கள் லயத்தில் சாயங்காலம் ஜெனரேட்டர் போடுவார்கள், ராத்திரி பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு பல்பு. அப்பா 1983-ல் கிள்ளானில் இந்த வரிசை வீட்டை வாங்கி வந்தபோது, சுவிட்சைத் தட்டினால் எந்நேரமும் லைட் எரியும் என்பதே எங்களுக்கு அதிசயம். அம்மா முதல் நாள் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். அப்போது டி.என்.பி. கிடையாது, எல்.எல்.என். 1990-ல்தான் பெயர் மாறியது. இன்றைக்கும் அம்மா கரண்ட் பில்லை எல்.எல்.என். பில் என்றுதான் சொல்வார். அந்தத் தலைமுறைக்குக் கரண்ட் என்பது கிடைத்ததே பெரிய விஷயம். அது கடித்தால்கூடக் குறை சொல்ல மாட்டார்கள். கட்டை போட்டுக்கொள்வார்கள்.

அந்தத் தம்பி ரெண்டு நாள் வேலை செய்தான். முன் பக்கம் துளசிச் செடிக்குப் பக்கத்தில் மண்ணில் புது எர்த் கம்பி அடித்தான். பெட்டியை மாற்றினான். பழைய பியூஸுக்குப் பதில் எம்.சி.பி., பிளக்குகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., குளியலறை ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர். 1994-ஆம் வருஷத்து மின்சார ஒழுங்குவிதியில் இதெல்லாம் இருக்கு என்றான். அம்மா வீடு அதற்கு 11 வருஷம் முந்தினது. ஐஸ்பெட்டியைத் தூக்கிப் போட்டோம். ஐஸ்பெட்டி நீங்கலாக, எல்லாம் சேர்த்து 1,150 ரிங்கிட் ஆனது. நான் தேவையில்லாமல் வாங்கின வாஷிங் மெஷின் விலையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அதே வாரம் எனக்கு மனசு கேட்காமல் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பழைய கடைவீட்டின் மேல் மாடி. அங்கே பலகையில் இன்னும் பீங்கான் பியூஸ். ஒன்றைக் கழற்றிக் காட்டினான். பியூஸ் கம்பி என்பது முடி மாதிரி மெல்லிசாக இருக்கணும், கரண்ட் அதிகமானால் அது உருகி அறுந்து வீட்டைக் காப்பாற்றணும். அங்கே யாரோ தடிச்ச செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். "அடிக்கடி அறுந்துச்சுய்யா, அதான் பக்கத்து வீட்டுப் பையன் நல்லதா ஒன்னு போட்டுக் கொடுத்தான்" என்றார் பெரியம்மா. அந்தக் கம்பி அறுகாது. அதற்குப் பதில் சுவருக்குள் இருக்கிற வயர் எரியும். அந்த வீட்டையும் சரி செய்தோம்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். பெட்டி மூடியை யாரும் கழற்ற வேண்டாம். கழற்றாமலே பார்க்கக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று. மாசத்துக்கு ஒரு தடவை அந்த 'டி' பொத்தானை அழுத்துங்கள். பௌர்ணமி பூஜை நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அழுத்தியும் விழாவிட்டால் அது செத்துப்போனது, உடனே மாற்றணும். விழுந்தால் பாதிச் சோதனைதான் முடிந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு. வீட்டுக்கு வெளியே போய் எர்த் கம்பியைத் தேடுங்கள். பச்சை வயர் அதோடு இறுக்கமாகச் சேர்ந்திருக்கா, துரு பிடித்து விட்டுப்போச்சா என்று கண்ணால் மட்டும் பாருங்கள், கை வைக்க வேண்டாம். கம்பியையே காணோம் என்றால், வீட்டை நீட்டினபோது எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். சில பழைய வீடுகளில் இரும்புத் தண்ணிக்குழாயையே எர்த்தாக வைத்திருப்பார்கள். குழாயை பி.வி.சி.யாக மாற்றின அன்றே அந்த எர்த் போய்விடும்.

மூன்று. பிளக் சூடாகிறதா, பழுப்பு நிறமாகிறதா, மீன் நாற்றம் மாதிரியோ ரப்பர் கருகின மாதிரியோ வாடை வருதா என்று கவனியுங்கள். வந்தால் அந்தப் பிளக்கைப் பயன்படுத்தாதீர்கள்.

நாலு. ரெண்டு கால் பிளக்கைப் பேனா விட்டுக் குத்தித் திறந்து சொருகுகிற பழக்கத்தை விடுங்கள். நம்ம வீடு எல்லாவற்றிலும் அது இருக்கு, கோயில் மடப்பள்ளியிலும் பார்த்தேன், திட்டினேன். வாங்கும்போதே சிரிம் முத்திரை இருக்கா என்று பார்த்து வாங்குங்கள்.

ஐந்து. சாமி அறையில் ஒரே மல்டி பிளக்கில் சீரியல் லைட், மின்சார விளக்கு, மந்திரப் பெட்டி, காற்றாடி எல்லாம் தொங்குது. அதற்குப் பக்கத்திலேயே எண்ணெயும் கற்பூரமும். கொஞ்சம் பிரித்து வையுங்கள்.

ஆறு. மீட்டரும் அதன் முத்திரையும் டி.என்.பி. சொத்து. அதை நாமும் தொடக்கூடாது, வயர்மேனும் தொடக்கூடாது. அங்கே கருகினாலோ பொறி பறந்தாலோ 15454-க்குக் கூப்பிடுங்கள். மற்ற வேலைக்குச் சான்றிதழ் உள்ள வயர்மேன். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை. நல்ல வயர்மேன் கோபப்பட மாட்டான்.

கடைசியாக ஒன்று. இதுதான் முக்கியம். உங்கள் அம்மா, மாமியார், பாட்டி யாராவது "கடிக்குது", "குறுகுறுங்குது", "கை மரத்துப் போகுது" என்று சொன்னால், வயசு, நரம்பு, சர்க்கரை என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அந்தச் சாமானின் பிளக்கைப் புடுங்கிவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் போய்க் கேளுங்கள். குசினியில், குளியலறையில், தேவையில்லாத இடத்தில் ஒரு பலகை, ஒரு ரப்பர் பாய், ஒரு ஜோடிச் செருப்புக் கிடந்தால், அது ஏன் அங்கே கிடக்குது என்று கேளுங்கள். நான் அந்த வீட்டுக்கு வாரம் ஒரு தடவை போகிறவன். மணைக்கட்டை தேவைப்பட்டிருக்காவிட்டால் இன்னும் கேட்டிருக்க மாட்டேன்.

தனியாக இருக்கிற வயசானவர்கள், காசுக்குச் சிரமப்படுகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் கோயில் அலுவலகத்தில் பேர் கொடுங்கள். அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்து வந்து பார்த்துச் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான், பார்ப்பதற்குக் காசு வேண்டாம் என்றான். கூட வருவதற்கு நான் இருக்கிறேன். ஏணி பிடிக்க ரெண்டு இளைஞர்கள் வந்தால் நல்லது. இதுவும் அம்பாளுக்குச் செய்கிற தொண்டுதான்.

அந்த ரெண்டாவது மணையைச் சுரண்டிக் காயவைத்து ஹோமத்துக்குக் கொண்டு வந்தேன். ஒரு பக்கம் கறுப்பு போகவில்லை. போன ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போனபோது வெறும் காலோடு மெஷின் முன்னால் நின்று துணி எடுத்துக்கொண்டிருந்தார். "இப்ப ஒன்னும் செய்யலப்பா" என்றார். கூடவே, "உனக்குத்தான் செலவு" என்றார்.

ஓம் சக்தி பராசக்தி.